வெற்று நிலம் என்று ஒன்று உண்டா?

சென்ற ஆண்டு, வேளாங்கண்ணிக் கொடியேற்றத்திற்கு இரண்டு நாள்களுக்கு முந்திய ஒரு மாலைப்பொழுது. எமது பங்கைச் சேர்ந்த இளந்தம்பதியர் இருவர் கைக்குழந்தையுடன் பங்கு இல்லத்திற்கு வந்தனர். மேலூர்ச் சாலையிலிருந்து சற்று உள்ளடங்கிய ஓரிடத்தில் அவர்கள் ஐந்து சென்ட் மனை வாங்கியிருந்தனர். எட்டு ஆண்டுச் சேமிப்பும், அம்மகளின் திருமண நகைகளும் அந்த ஐந்து சென்ட் மண்ணாக மாறியிருந்தன. மழைக்காலம் தொடங்குமுன் அடிக்கல் நாட்டிவிட வேண்டும். நான் வந்து மந்திரித்துத் தரவேண்டும் என்பது அவர்களது வேண்டுகோள்.

“இடம் எப்படியிருக்கிறது?” என்று வினவினேன்.

“வெறும் பொட்டல்தான் சாமி. அங்கே ஒண்ணுமே இல்லை. ஜேசிபியை விட்டா ஒரே நாள்ல நிரவிடலாம்னு சொல்றாங்க” என்று அவ்விளைஞர் மகிழ்வோடு மொழிந்தார்.

அவர் மகிழ்ச்சியில் குற்றமில்லை. ஆயினும், “ஒண்ணுமே இல்லை” என்ற அச்சொல் என் நெஞ்சைத் தைத்தது. அதே சொல்லை நானும் ஒருகாலத்தில் சொன்னவன். அது ஏன் தைத்தது என்பதை விளக்க வேண்டுமானால், பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து பிறர் குறைகளைக் கேட்கும் நான், இன்று வாசகர்முன் என் குறை ஒன்றை அறிக்கையிட்டாக வேண்டும்.

ஓர் அறிக்கை

குருப்பட்டம் பெற்ற நான்காம் ஆண்டில், மதுரைச் சமவெளியில் உள்ள ஒரு சிற்றூருக்குப் பங்குக்குருவாகச் சென்றேன். கோவிலுக்குப் பின்புறம் பங்குக்குச் சொந்தமான இரண்டு ஏக்கர் நிலம் கிடந்தது. மேடும் பள்ளமுமான தரை, ஆங்காங்கே கள்ளியும் முள்ளும், இரண்டு புற்றுகள், ஒன்பது பனைமரங்கள், நிலத்தின் நடுவே கோடைகாலத்தில் கண்ணுக்கே புலப்படாத ஒரு தாழ்வான தடம். பிள்ளைகளுக்கு விளையாட்டுத்திடலும் இரண்டு வகுப்பறைகளும் அமைக்க வேண்டும் என்ற ஆர்வத்தால், வெற்றுநிலம் வீணாகக் கிடக்கிறதே என்று எண்ணினேன். பங்குப் பேரவையும் இசைந்தது. ஒரே வாரத்தில் பனைகள் சாய்ந்தன; புற்றுகள் தரைமட்டமாயின; தாழ்வான தடம் மண்ணால் நிரம்பியது. நிலம் கைப்பலகைபோல் சமமாயிற்று. நானும் பெருமிதத்தால் பூரித்தேன்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது, ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர் கோலை ஊன்றிக்கொண்டு என்னருகில் வந்து நின்றார்.

“சாமி, இது தண்ணி போற தடம். இதை அடைச்சுப்புட்டா அது எங்கே போகும்?”

“மழை வரட்டும் தாத்தா, அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்றேன். அவர் மறுமொழி கூறாமல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு சென்றார்.

ஐப்பசியில் மழை வந்தது. மேட்டுப்புறத்திலிருந்து இறங்கிய வெள்ளம் வழக்கமான தடத்தைத் தேடிற்று. தடம் இல்லை. புதிதாக எழுப்பிய கரையில் மோதித் திரும்பி, தாழ்வாக இருந்த தெருவுக்குள் புகுந்தது. முதிய கைம்பெண் ஒருவரின் மண்சுவர் இடிந்து விழுந்தது. கட்டியிருந்த இரண்டு ஆடுகள் மடிந்தன. அந்த அம்மா ஒரு மூட்டையுடன் வந்து ஒன்பது இரவுகள் கோவில் தாழ்வாரத்தில் படுத்திருந்தார். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. “மழை சாமி, அதுக்கு யார் என்ன செய்ய முடியும்?” என்றுதான் சொன்னார். மழை செய்த செயலன்று அது, நான் செய்தது!

தீமை அதனோடும் நிற்கவில்லை. அந்தத் தடத்தின் வழியாக நிரம்ப வேண்டிய ஊருணி அவ்வாண்டு பாதிகூட நிரம்பவில்லை. பனைகளில் குடியிருந்த ஆந்தைகள் எங்கோ அகன்றன. மறு அறுவடையில் பங்குக் களஞ்சியத்தில் எலிகளின் ஆட்சி நடைபெற்றது. இறுதியில், அடைத்த தடத்தை மீண்டும் வெட்டினோம். நிரவுவதற்கு ஆன செலவினும் தோண்டுவதற்கு ஆன செலவு மிகுதி. தடம் திரும்பி வந்தது, பனைகள் வரவில்லை. வெட்டிய பனையை அடுத்த தலைமுறைதான் மீண்டும் காணமுடியும்.

நிலத்தைச் சீர்ப்படுத்துவது தவறா? ஒருநாளும் இல்லை. வீடும், பள்ளியும், மருத்துவமனையும், தொழிற்கூடமும் மண்ணின்மீதுதான் எழுந்தாக வேண்டும். என் தவறு கட்டியதன்று. அந்த நிலம் ஏற்கெனவே யாருக்கு என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேளாமலே கட்டியதுதான் என் தவறு. அதைக் கேட்டறிந்த மக்கள் எத்தகைய பேறு பெற்றனர் என்பதை, நம் மதுரைக்கு அருகிலேயே அண்மை ஆண்டுகளில் நாம் கண்டோம்.

அரிட்டாபட்டி சொல்லும் செய்தி

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் வழியில், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அரிட்டாபட்டி. தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு அது மொட்டைப் பாறைகளின் கூட்டம். நில ஆவணங்களில் இத்தகைய இடங்களுக்கு வழங்கும் சொற்கள் ‘பாறை’, ‘கல்லாங்குத்து’, ‘தரிசு’ என்பவை. பயனற்ற நிலம் என்னும் எண்ணத்தை அச்சொற்களே நம் உள்ளத்தில் விதைத்துவிடுகின்றன.

அருகில் சென்று பார்ப்போர்க்கு வேறோர் உலகம் புலனாகும். அங்கே ஏழு குன்றுகள் உள்ளன. அவற்றைச் சார்ந்து 72 நீர்நிலைகளும், ஏறத்தாழ 200 இயற்கைச் சுனைகளும், மூன்று தடுப்பணைகளும் இருப்பதாக அரசு கணக்கிட்டுள்ளது. பாறைக்கும் தண்ணீருக்கும் என்ன உறவு என்று சிலர் வியக்கக்கூடும். மொட்டைப் பாறையில் விழும் மழை மண்ணில் ஊறி மறைவதில்லை. பெரும்பகுதி வழிந்து இறங்குகிறது. சிறுபகுதி வெடிப்புகளில் நுழைந்து, பின்னர்ச் சுனையாக மெல்லக் கசிகிறது. வழிந்த நீரை ஓடைகள் கண்மாய்க்குச் சேர்க்கின்றன. ஒரு கண்மாய் நிரம்பினால் அதன் கலிங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு நீர் செல்கிறது. இவ்வாறு குன்று ஒரு கூரையாகவும், கண்மாய்கள் அக்கூரையின்கீழ் வைத்த குடங்களாகவும் அமைந்துள்ளன. கூரையைப் பெயர்த்துவிட்டுக் குடம் நிரம்பவில்லையே என்று அழுவதால் என்ன பயன்?

அக்குன்றுகளில் ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் காணப்படுகின்றன. அரிதாகக் காணப்படும் லகர் வல்லூறு, சாகின் வல்லூறு, இராசாளிப் பருந்து என்னும் மூன்று வேட்டைப் பறவைகளும் அவற்றுள் அடங்கும். செங்குத்தான பாறை விளிம்புகள் இத்தகைய பறவைகள் கூடு கட்டத் தக்க இடங்கள். பாறையில் குஞ்சு பொரித்துச் சமவெளியில் இரை தேடுபவை அவை. பாறையில் வெடி வைத்தால் கூடு மட்டும் அழிவதில்லை. கீழேயுள்ள வயல்வெளியின் காவலும் நீங்குகிறது. எறும்புத்தின்னியும், தேவாங்கும், மலைப்பாம்பும் அங்கே வாழ்கின்றன. இவற்றோடு, ஏறத்தாழ 2,200 ஆண்டுத் தொன்மையுடைய தமிழி எழுத்துப் பொறிப்புகளும், சமணத் துறவியரின் கற்படுக்கைகளும், முற்காலப் பாண்டியரின் குடைவரைச் சிவன் கோவிலும் அக்குன்றுகளில் உள்ளன. தமிழ்நாட்டில் அரிதாகவே காணக்கிடைக்கும் இலகுலீசர் சிற்பம் அக்குடைவரையில் இருப்பதை வரலாற்று அறிஞர்கள் போற்றுவர்.

ஊர் மக்களும் இயற்கை ஆர்வலர்களும் ஆண்டுக்கணக்கில் இவற்றையெல்லாம் பார்த்தனர், எண்ணினர், குறித்து வைத்தனர். அதன் விளைவாக, 2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரண்டு ஊர்களிலும் 193.215 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட முதல் தலம் இதுவே. இரண்டாவது தலமும் நமக்குத் தொலைவில் இல்லை. திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பகுதியில், காசம்பட்டியிலுள்ள கோவில்காடு 2025இல் அத்தகுதியைப் பெற்றது. அதன் பரப்பு ஐந்து ஹெக்டேருக்கும் குறைவு! சிறிய இடமாயினும் அறிந்து பேணினால் மதிப்புண்டு என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

எழுதி வைத்ததன் வலிமை

அந்த அறிவிப்பு வெறும் காகிதமா, காவலா என்பதைச் சோதிக்கும் நாள் விரைவில் வந்தது. மேலூர் வட்டாரம் ஏற்கெனவே கல்லால் அடிபட்ட வட்டாரம். அங்கு நடைபெற்ற கிரானைட் முறைகேடுகளை ஆராயச் சென்னை உயர்நீதிமன்றம் 2014இல் இ.ஆ.ப. அலுவலர் உ. சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்ததும், அவர் 2015இல் அறிக்கை அளித்ததும் பலருக்கு நினைவிருக்கும். அறுத்தெடுத்த குன்றுகளின் இடத்தில் ஆழ்ந்த குழிகள் எஞ்சிய காட்சியை அம்மக்கள் தம் கண்ணாலேயே கண்டவர்கள்.

இந்நிலையில், 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமத் தொகுதியின் ஏலத்தில் இந்துஸ்தான் சிங்க் நிறுவனம் தெரிவு செய்யப்பட்டதாக மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது. தொகுதியின் பரப்பு 2,015.51 ஹெக்டேர். பல்லுயிர்த் தலம் அதனுள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. டங்ஸ்டன் பயனற்ற பொருளன்று. இரும்பை அறுக்கும் கருவிகளுக்கும், பாதுகாப்புத் தளவாடங்களுக்கும் அது தேவை. ஆகவே, ‘நாட்டின் தேவை பெரிதா, பாறையும் பறவையும் பெரிதா?’ என்று கேட்டவர்களும் உண்டு. அது நேர்மையான கேள்வியே. அதை எள்ளி நகையாடலாகாது.

மக்கள் அதற்கு நேர்மையான விடையும் அளித்தனர். கிராமசபைகளில் தீர்மானம் இயற்றினர். 2024 டிசம்பர் 9 அன்று தமிழகச் சட்டமன்றம் ஏலத்தை நீக்கக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே மாத இறுதியில், பல்லுயிர்த் தலத்தைத் தவிர்த்து எல்லையை மறுஆய்வு செய்யுமாறு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையை மத்திய அமைச்சகம் கேட்டுக்கொண்டது. அம்மக்களுக்கு அது போதவில்லை. குன்றைத் தனியாகவும் கண்மாயைத் தனியாகவும் வெட்டிப் பிரிக்க இயலாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரை மாநகருக்குப் பேரணியாக வந்தனர். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தையே நீக்கியது. பல்லுயிர்த் தலத்தின் சிறப்பையும் பண்பாட்டுச் சின்னங்களையும் கருதியே அம்முடிவு எடுக்கப்பட்டது.

அன்பார்ந்த வாசகர்களே! இங்கு நாம் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மக்களின் உறுதியே அந்நிலத்தைக் காத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த உறுதிக்குக் கையில் ஒரு சான்று இருந்தது. “இங்கே ஒன்றும் இல்லை” என்று எவரும் சொல்ல முடியாதபடி, இத்தனை சுனை, இத்தனை பறவை, இத்தனை கல்வெட்டு என்று முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தது. எழுதி வைக்கப்படாத நிலம் வாயற்ற நிலம்; அதற்காக வழக்காட எவருக்கும் சொல் கிடைப்பதில்லை.

சமவெளியில் நடப்பது என்ன?

அரிட்டாபட்டியைக் காத்துவிட்டோம் என்று நாம் மகிழ்ந்துகொண்டிருக்கும் வேளையில், நம் வீட்டு வாசலில் நடப்பது என்ன? மதுரை நகரின் ஊர்ப்பெயர்களைச் சற்றுச் செவிமடுங்கள்: தல்லாகுளம், உலகனேரி, நரிமேடு. பெயரில் குளமும் ஏரியும் நரியும் இன்னும் வாழ்கின்றன. தல்லாகுளத்தில் இன்று கட்டடங்கள் நிற்கின்றன; நரிமேட்டில் நரியைக் கண்டவர் எவருமில்லை. உலகனேரிக் கண்மாய் நிலத்தில் உயர்நீதிமன்றக் கிளை எழுந்து 2004இல் திறக்கப்பட்டது. நீர் தன் வழியை மறப்பதில்லை. 2024 அக்டோபரில் கொட்டிய பெருமழையின்போது செல்லூர்ப் பகுதியிலும் பந்தல்குடி வாய்க்காலை ஒட்டிய தெருக்களிலும் மக்கள் பட்ட துயரை நாம் கண்டோம். கண்மாய்க்கும் வைகைக்கும் இடையே இருந்த வழி குறுகிப்போனால், வெள்ளம் அடுப்படிக்குள் வந்துதான் வழி கேட்கும்.

பெரிய கட்டுமானங்களுக்கேனும் ஒரு தடை உண்டு. 20,000 சதுர மீட்டருக்குக் குறையாத கட்டடப் பரப்பு என்றால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன்னனுமதி பெற வேண்டும். நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்ற 2007ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் உண்டு. ஆயினும் நம்மைப் போன்றோர் வாங்கும் மூன்று சென்ட், ஐந்து சென்ட் மனைகளில் எந்தப் பனையில் எந்தப் பறவை இருந்தது என்று எந்த அலுவலரும் வந்து எண்ணப்போவதில்லை. ஒரு சுரங்கம் ஒரே நாளில் செய்யும் அழிவை, ஆயிரம் மனைகள் ஆயிரம் நாள்களில் ஓசையின்றிச் செய்துமுடிக்கும். அதனை எதிர்த்துப் பேரணி செல்லவும் இயலாது. ஏனெனில் அதைச் செய்பவர் நாமே!

பிற நாட்டார் இதற்கு ஒரு வழி கண்டுள்ளனர். இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. பெரும்பாலான கட்டுமானங்களில், வேலை தொடங்குமுன் அந்நிலத்தின் உயிர்வாழிடத்தை அளந்து மதிப்பிட வேண்டும். வேலை முடிந்தபின் அம்மதிப்பு முன்னிருந்ததைவிடக் குறைந்தது பத்து விழுக்காடு கூடியிருக்க வேண்டும். அளவு முறைகளைப் பற்றிக் கருத்து வேற்றுமைகள் இருக்கலாம். ஆனால் முதலில் அறி, பிறகு கட்டு என்ற அதன் அடிப்படை எந்நாட்டிற்கும் பொருந்துவதன்றோ? சட்டம் எட்டாத ஐந்து சென்ட்டில் அந்த அளவையைச் செய்ய வேண்டியது நம் மனச்சான்றே.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, மனை வாங்குமுன் அதன் வரலாற்றை அறியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்பட வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் பாருங்கள். ஓடை, வாய்க்கால், குட்டை என்ற சொற்கள் அருகில் எங்கேனும் உள்ளனவா என்று நோக்குங்கள். தாளில் இல்லாததை ஊரிலுள்ள முதியவர் சொல்வார். ஆடு மேய்ப்பவர் இன்னும் தெளிவாகச் சொல்வார். இயன்றால் ஒரு மழைக்காலமேனும் அந்நிலத்தைப் பார்த்த பின்னர்க் கட்டுங்கள்.

இரண்டாவதாக, நீரின் வழியை விட்டுக் கட்டுங்கள். தடத்தை மூடாது, இருபுறமும் சிறிது இடம் விடுங்கள். கடக்க வேண்டுமாயின் போதிய அகலமுள்ள சிறுபாலம் அமையுங்கள். கூரைநீரைச் சேமிப்பது 2003 முதல் நம் மாநிலத்தில் கட்டாயம். அதைச் சட்டத்திற்காக ஒரு குழாயளவில் முடித்துவிடாமல் உண்மையாகவே செய்யுங்கள். கழிவுநீரை ஓடையில் விடுவது, ஊரார் குடத்தில் நஞ்சைக் கலப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவதாக, மேல்மண்ணைக் காப்பாற்றுங்கள். நிரவும்போது மேலே உள்ள ஒரு சாண் மண்ணைத் தனியே குவித்து வைத்து, வேலை முடிந்தபின் தோட்டத்தில் பரப்புங்கள். அந்த மண் உருவாக எத்தனையோ தலைமுறைகள் ஆயின. அதைப் புதைத்துவிட்டுப் பின்னர் வண்டியில் விலைக்கு மண் வாங்குவது அறிவுடைமையாகாது.

நான்காவதாக, நிற்கும் மரத்தைச் சுற்றி வரைபடம் வரையச் சொல்லுங்கள். வேம்போ, இலுப்பையோ, ஆலோ எதுவாயினும், பத்துக் கன்றுகள் நட்டாலும் ஒரு முதுமரத்திற்கு உடனே ஈடாகாது. பனையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. என் குற்றமே சொல்லிவிட்டது. பனை உழவாரக் குருவி அதன் ஓலையிலும், தூக்கணாங்குருவி அதன் ஓலை நுனியிலும் கூடு கட்டுகின்றன. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயமாக்கப்படும் என்று 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்ததை நினைவிற் கொள்க. சீமைக்கருவேலத்தை அகற்றுவது நன்று. ஆனால் அகற்றிய இடத்தை வெறுமையாக விடாது நாட்டு மரங்களை நடுவதே முழுமையான வேலை.

ஐந்தாவதாக, வேலியையும் விளக்கையும் பற்றிச் சிந்தியுங்கள். தோட்டம், களம், பள்ளித்திடல் போன்றவற்றிற்கு இயன்ற இடத்தில் கிளுவை முதலிய உயிர்வேலி அமைத்தால், ஓணானுக்கும் கீரிக்கும் குருவிக்கும் அது புகலிடமாகும். மதில் கட்டியே தீரவேண்டுமாயின், அடியில் ஆங்காங்கே ஒரு சாண் திறப்பு விடுங்கள். மழைநீரும் செல்லும், சிற்றுயிரும் செல்லும். வெளிவிளக்குகளை வானை நோக்கி எரியவிடாமல் தரையை நோக்கி அமையுங்கள். இருளில் வாழும் உயிர்களுக்கு இருளும் உணவைப் போல் இன்றியமையாதது. பயன்படாத கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரோ மூடியோ இடுங்கள். அதில் தவறி விழுவது காட்டுயிர் மட்டுமன்று, நம் பிள்ளைகளும்தான்.

ஆறாவதாக, நஞ்சைத் தவிருங்கள். எலிக்கு வைத்த நஞ்சு, அந்த எலியைத் தின்ற ஆந்தையையும் கொல்கிறது. எலிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் பறவையை நாமே கொன்றுவிட்டு மேலும் நஞ்சு வாங்குகிறோம். தானியத்தில் நஞ்சு கலந்து மயிலைக் கொல்வது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பெருங்குற்றம். மயிலால் பயிரிழக்கும் உழவரின் துன்பத்தை நான் அறிவேன். அதற்கு வலையும் விரட்டலும் இழப்பீட்டுக் கோரிக்கையும் வழியாகுமேயன்றி நஞ்சு வழியாகாது. மனையில் பாம்பு தென்பட்டால் தடியைத் தேடாமல், தீயணைப்புத் துறையையோ வனத்துறையையோ அழையுங்கள்.

ஏழாவதாக, எழுதி வையுங்கள். ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் ஊராட்சியில் அது இருக்கிறதா என்று கிராமசபையில் கேளுங்கள். பங்கின் இளைஞர் இயக்கத்தாரும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரு விடுமுறையைச் செலவிட்டால், ஊரின் ஓடை, ஊருணி, முதுமரம், பறவை ஆகியவற்றின் பட்டியலை ஆயத்தம் செய்துவிடலாம். அது நாளை ஊரைக் காக்கும் ஆவணமாகும்.

விலை கொடுத்துக் காப்பவர்கள்

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவோர் மேலூரைக் கடந்து சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிக்குச் சென்று பார்க்கட்டும். வேட்டங்குடிப்பட்டி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்களில் ஆண்டுதோறும் நத்தைகுத்தி நாரை முதலிய பறவைகள் வந்து தங்கிக் குஞ்சு பொரிக்கின்றன. 1977இல் 38.4 ஹெக்டேர் பரப்பு பறவைகள் புகலிடமாயிற்று. தீபாவளி வரும் காலமும் பறவைகள் தங்கும் காலமும் ஒன்று. ஆகவே அவ்வூர் மக்கள் பட்டாசு வெடிப்பதில்லை. பண்டிகை நாளில் பட்டாசு கேட்கும் குழந்தையிடம் “நாரைக்குஞ்சு பயந்துபோகும்” என்று சொல்லிப் புரியவைத்த தாய்மாரை எண்ணிப் பாருங்கள்! அவர்கள் இழந்ததும் உண்டு, பெற்றதும் உண்டு. பறவை எச்சம் கலந்த கண்மாய் நீர் அவர்களது வயலுக்கு உரமாகிறது.

திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 2022 அக்டோபரில் 11,806 ஹெக்டேர் பரப்பு தேவாங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவிலேயே தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் அது. மூடநம்பிக்கையால் அஞ்சப்பட்டும் வேட்டையாடப்பட்டும் வந்த அச்சிற்றுயிர், பயிரை அழிக்கும் பூச்சிகளைத் தின்று உழவர்க்கு உதவுவதை இன்று நாம் அறிந்திருக்கிறோம். அறிந்தபின்தானே அன்பு பிறக்கிறது?

நிலத்தைப் பண்படுத்துதலும் அதைக் காத்தலும் இரு வேறு பணிகளாக மனிதனிடம் ஒப்படைக்கப்படவில்லை. ஒரே கையின் ஒரே பணியாகவே ஒப்படைக்கப்பட்டன என்பது திருமறை கற்றோர் அறிந்தது. 1979இல் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் சூழலியலாரின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் நமது பொதுவான இல்லத்தைப் பற்றித் திருமடல் வரைந்தார். ஆயினும் இதை அறிய ஒரு திருமடல்தான் வேண்டும் என்பதில்லை. எனக்கு இதைக் கற்பித்தவர் எழுதப்படிக்கத் தெரியாத ஓர் ஆட்டிடையர்.

அந்த ஐந்து சென்ட்

தொடக்கத்தில் கூறிய தம்பதியரிடம் மேற்கண்ட என் கதையைச் சொன்னேன். “அடிக்கல்லை மந்திரிக்கிறேன், அதற்கு முன் ஒருமுறை இடத்தை மூவரும் சேர்ந்து பார்ப்போம்” என்றேன். மறுநாள் காலையில் சென்றோம். ஒன்றுமே இல்லாத அப்பொட்டலில் ஒரு வேம்பு நின்றது. மேற்கு ஓரத்தில் ஒரு பனை நின்றது. பனையின் அடியில், காலால் உணரத்தக்க அளவில் ஒரு தாழ்வு ஓடியது. கிராம நிர்வாக அலுவலர் காட்டிய வரைபடத்தில் அது மெல்லிய இரட்டைக் கோடாக இருந்தது. வாய்க்கால்! மனைக்கல் அதன்மேல் நடப்பட்டிருந்தது.

அவ்விளைஞரின் முகம் வாடியது. ஒவ்வோர் அடிக்கும் விலை கொடுத்தவரன்றோ? “விற்றவரிடம் கேட்டால் இனி ஒன்றும் ஆகாது சாமி” என்றார். அம்மகள்தான் குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, “இதை நாம அடைச்சா கீழ இருக்கிற வீட்டுக்குத்தானேங்க தண்ணி போகும்? அங்கேயும் பிள்ளைங்க இருக்கும்ல” என்றார். அதற்குமேல் நான் எந்த மறையுரையும் ஆற்ற வேண்டியிருக்கவில்லை.

வீடு ஆறடி கிழக்கே தள்ளிக் கட்டப்பட்டது. வண்டி நிறுத்தும் கொட்டகைக்கு இடம் இல்லாமற்போயிற்று. கொத்தனார் முணுமுணுத்தார். வேம்பும் பனையும் நின்றன. ஐப்பசியில் நல்ல மழை பெய்த ஓர் இரவில் அவர்கள் தொலைபேசியில் என்னை அழைத்தனர். அரைச்சுவர் எழும்பியிருந்த அம்மனையின் ஓரமாக, வாய்க்காலில் நீர் சலசலத்து ஓடிக்கொண்டிருப்பதாகக் கூறினர். கீழ்வீட்டுக்காரர் வந்து கைகூப்பிச் சென்றாராம்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வர நெடுநேரமாயிற்று. கோவில் தாழ்வாரத்தில் ஒன்பது இரவுகள் படுத்திருந்த அந்த அம்மாவை நினைத்துக்கொண்டேன். அடிக்கல் நாட்டப்போகும் அன்பர்களே! மனையின் நடுவே நின்று, கல்லை எடுக்குமுன் அந்த முதியவரின் கேள்வியை ஒருமுறை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை அடைத்துவிட்டால் அது எங்கே போகும்? நீருக்கும் பறவைக்கும், நமக்குக் கீழே வாழும் அயலாருக்கும் சேர்த்தே அதற்கு விடை காணுங்கள். விடை கிடைத்த பின்னர், எந்தக் குருவானவரும் அந்தக் கல்லை மனமுவந்து மந்திரித்துத் தருவார்.